வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

யார் கடைசியாக மேடை ஏறுவது என்பதிலேயே முற்பகல் முழுக்கப் போய்விட்டது.

குத்துச்சண்டையில் சவால் விடுகிறவன் முதலில் ஏறிக் காத்திருப்பான். சாம்பியன் பிறகுதான் வருவான். ஆனால் ஹெவிவெயிட் பட்டத்துக்கு இப்போது சாம்பியன்கள் இரண்டு பேர். கல்குவாரியிலிருந்து வந்த ‘சம்மட்டி’தான் சாம்பியன் என்றது பழைய சங்கம். கோபித்துக்கொண்டு பிரிந்துபோன புதிய சங்கம், ‘கோபுரம்’ என்ற நெட்டையன் இடுப்பில் தனியாக ஒரு பெல்ட்டைக் கட்டிவிட்டிருந்தது. இருவரும் மோதட்டும், ஜெயிப்பவன் ஒரே சாம்பியன் என்று கடைசியில் முடிவானது. போட்டிப் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்று பேசத்தான் ஹோட்டலின் மாடி அறையில் இரண்டு தரப்பும் உட்கார்ந்திருந்தது.

இன்று மாலைக்குள் இரண்டு வீரர்களும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராதவன் பட்டம் பறிபோகும்.

கோபுரம் வந்துவிட்டான். மூன்று நாற்காலிகளுக்கு உண்டான இடத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

சம்மட்டியைக் காலையிலிருந்து காணவில்லை.

“நூத்துக்கு அறுபதுக்குக் கொறஞ்சு பேச்சே கெடையாது,” என்று மேஜையைத் தட்டினார் சம்மட்டியின் மேனேஜர். அவர் சம்மட்டியின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். வேர்வையில் சட்டைக் காலர் கழுத்தோடு ஒட்டியிருந்தது.

“ஆளே இல்லாம அறுபதா?” கோபுரத்தின் பக்கம் பேச வந்த வழுக்கைத் தலைக்காரர் சிரித்தார். “நாற்காலிக்கா குடுக்கறது?”

“சாயங்காலத்துக்குள்ள வந்துருவான். நீங்க மேல பேசுங்க.”

பேசினார்கள். போஸ்டரில் யார் பேர் முதலில், கையுறை எந்தக் கம்பெனி, எந்த உடைமாற்றும் அறையில் வெந்நீர் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் மேனேஜர் நாய் எலும்பைக் கவ்வியது மாதிரி நின்றார். ஒவ்வொன்றையும் வாங்கினார்.

சம்மட்டியைத் தேட மேனேஜர் வரவழைத்த பெண் சுவரோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது தாண்டிய உடம்பு, தேய்ந்த செருப்பு, கையில் எதுவும் இல்லை. சரக்குக் கிடங்கில் லாரி எடை போடும் மேடையில் பல வருஷம் வேலை பார்த்தவள். அடியில் கல்லைப் போட்டு மேலே சரக்கை மூடிக்கொண்டு வரும் லாரியை டயரைப் பார்த்தே நிறுத்திவிடுவாள். அங்கே வைத்த பேர் ‘தராசு’. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பேரே நின்றுவிட்டது.

அவள் பக்கத்தில் நின்றவன் அதே கிடங்கில் சுமை தூக்கியவன். பேர் ‘மூட்டை’. அவனுக்குப் பயம் வந்தால் வாய் மூடாது. இன்று காலையிலிருந்து மூடவில்லை.

“அக்கா, அந்தக் கோபுரத்தப் பாரேன். அவன் தும்முனா நான் வீட்டுக்கு நடக்க வேணாம், பறந்தே போயிருவேன்.”

“சும்மா இரு.”

“சரி, ரீமாட்ச்?” என்று வழுக்கைத் தலைக்காரர் அடுத்ததற்கு வந்தார். “உங்காளு தோத்துட்டா மறுபடி ஒரு தடவ மோதுற உரிமை. வழக்கமா நீங்கதான் மொதல்ல கேப்பீங்க.”

“அது வேணாம். விடுங்க. அடுத்தது சொல்லுங்க,” என்றார் மேனேஜர், தண்ணீர்க் குவளையை எடுத்தபடி.

வழுக்கைத் தலைக்காரரின் பேனா அப்படியே நின்றது. தராசு நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் சம்மட்டியின் மனைவி ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறவள். சீருடையை மாற்றக்கூட இல்லாமல் ஓடி வந்திருந்தாள். மடியில் பெரிய பை.

“அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டும்மா,” என்றாள் தராசு.

அவள் பைக்குள் கைவிட்டாள். முதலில் கனமான கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வெளியே வந்தது. அதை மடியில் வைத்துவிட்டு, அடியில் துழாவி போனை எடுத்தாள்.

“வெளிய தார் ரோடு உருகி ஓடுது,” என்றான் மூட்டை. “ஸ்வெட்டரா?”

“ஏசி ஒத்துக்காது எனக்கு.” அவசரமாக அதைத் திரும்பவும் பைக்குள் திணித்தாள்.

போனில் ஒரே ஒரு படம். இரண்டு பெரிய கைகள் மட்டும், ஒன்றோடொன்று சேர்த்து வெள்ளைத் துணியாலும் டேப்பாலும் கட்டப்பட்டிருந்தன. கீழே ஒரு செய்தி: *கையெழுத்துப் போட வரமாட்டான். போலீசுக்குப் போனா கையே இருக்காது.*

மூட்டை இன்னும் கிட்ட வந்து பார்த்தான். அந்தக் கைகளைத் தெரியாதவர்கள் இல்லை. அதில் ஒரு கை பட்டு மலை மாதிரி ஆட்கள் சரிந்ததை அவனே டிவியில் பார்த்திருக்கிறான். அந்தக் கைகளையே ஒருவன் கட்டிப் போட்டிருக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருப்பான்?

மேனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். “பாப்பா, அழாத. எல்லாம் அந்தக் கோபுரம் கும்பலோட வேல. தராசு, போலீசு கீலீசுன்னு போயிடாதீங்க. எனக்கு என் மாப்ள வேணும், இன்னிக்கே வேணும்.”

“சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிடுவேன்,” என்றாள் தராசு.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். சம்மட்டியின் மனைவி முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோனது. ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

தராசு இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். படம் இப்போது மூட்டையின் போனிலும் இருந்தது.

“என்ன தெரியுது?” என்றாள் இறங்கிக்கொண்டே.

“நம்ம சாவு தெரியுது. அக்கா, கைய எடுத்துருவேன்றான். நம்ம கைய எடுக்க அவனுக்கு அரை நிமிஷம் போதும். இந்தக் கேஸ விட்டுட்டு நாம பழையபடி லாரிக்கு எடை போடலாமே. லாரி நம்மள அடிக்காது. அடிச்சாலும் தெரிஞ்சே அடிக்காது.”

“கட்டப் பாரு.”

பார்த்தான். “நல்ல கட்டு.”

“ஒருத்தன ஓட விடாம பண்ணணும்னா கயித்த எடுத்து மணிக்கட்டுல முறுக்கிக் கட்டுவ. இவன் விரல் முட்டிக்கெல்லாம் பஞ்சு வெச்சிருக்கான். விரலுக்கு நடுவுல டேப்ப மெல்லிசா கிழிச்சு ஓட்டியிருக்கான். ரத்த ஓட்டம் நிக்கக் கூடாதுன்னு கட்டை விரல விட்டுட்டான்.”

“கடத்திட்டு முதலுதவியும் பண்ணியிருக்கான். மனசாட்சி உள்ளவன்.”

“மனசாட்சி இல்லடா, பழக்கம். கைக்கு வலிக்காம கட்டியே பழகுனவனுக்கு வேற மாதிரி கட்டத் தெரியாது.”

ஹோட்டல் முகப்பில் பழைய போட்டியின் போஸ்டர் ஒன்று ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. சம்மட்டி கையுறை போடுவதற்கு முன்னால், கட்டுப் போட்ட முஷ்டிகளைக் காட்டி முறைத்துக்கொண்டிருந்தான். மூட்டை அங்கிருந்த சோபாவின் மேல் ஏறி, போனைப் போஸ்டருக்குப் பக்கத்தில் பிடித்தான். வரவேற்பில் இருந்த பெண் ஏதோ கத்தினாள்.

விரல் நடுவில் அதே மெல்லிய டேப். அதே போல வெறுமையாக விட்ட கட்டை விரல்.

“இது... சம்மட்டிக்குக் கட்டுப் போடுற ஆளு. பஞ்சுன்னு பேரு!” மூட்டை சோபாவிலிருந்து குதித்தான். “முகத்துல வெட்டு விழுந்தா ரத்தத்த நிறுத்துறதும் அவன்தானே? எங்க அவன்? மேல கூட்டத்துல காணோமே?”

“காலையிலேருந்து ரெண்டு பேரக் காணோம். எல்லாரும் ஒருத்தரத்தான் தேடுறாங்க.” தராசு படத்தை விரலால் பெரிதாக்கினாள். “முன்கையப் பாரு. ரோமம்.”

கையில் ரோமம் ஒவ்வொன்றும் முள் மாதிரி குத்திட்டு நின்றது. நகக்கண்கள் நீலம் பாரித்திருந்தன.

“பயம். எனக்கும் அப்படித்தான் நிக்குது, பாரு.”

“பயத்துல நகம் நீலமாகாது. குளிர். இந்த வெயில்ல குளிர்ற எடம் எது? பஞ்சு போட்டி இல்லாத நாள்ல எங்க வேலை பாக்குறான்?”

மூட்டையின் வாய் திறந்தபடி நின்றது. பஞ்சுவுக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. ரிங் ஓரத்துக்கு வாளி வாளியாக ஐஸ் கொண்டு வருவதே அங்கிருந்துதான்.

வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. எதிர்ப்புறம், மர நிழலை விட்டுத் தள்ளி, ஒரு சாம்பல் நிற வேன் என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. முன்னால் இரண்டு பேர். பேசிக்கொள்ளவில்லை. ஹோட்டல் வாசலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா,” மூட்டையின் குரல் இறங்கியது. “நாம உள்ள போகும்போதும் அதே எடத்துல நின்னுது. நமக்குத்தான். வெளிய வந்ததும் பின்னாலயே வரும், பாரு.”

“வண்டிய எடு.”

மூட்டை அவர்களுடைய பழைய காரைக் கிளப்பினான். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். இரண்டு திருப்பம் திரும்பினான், தேவையில்லாமல் ஒரு சந்துக்குள் புகுந்து வெளியே வந்தான். பின்னால் யாருமில்லை.

“வரல! பொழச்சோம்!” ஸ்டியரிங்கை முத்தமிட்டான்.

தராசு சிரிக்கவில்லை. “அப்ப நமக்காக நிக்கல. வேற யாருக்காக நிக்குது?”

அதன் பிறகு மூட்டைக்கும் முத்தம் கொடுக்கத் தோன்றவில்லை.

ஐஸ் ஃபேக்டரிக்கு வார விடுமுறை. பெரிய கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே இருட்டும் ஈரமும். மூக்கை அறுக்கிற அமோனியா நெடி. தரைக்குள் பதித்த தொட்டிகளில் தகர அச்சுகள் வரிசையாக நின்றன. எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே எரித்த வெயில் கதவைத் தாண்டியதும் செத்துப்போனது. மூட்டைக்கு முதுகில் வேர்வை அப்படியே உறைந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்றேன். மூட்டை தூக்குனப்ப எனக்கு முதுகு மட்டும்தான் வலிச்சுது. இப்ப...”

ஜில்லென்று ஒன்று அவன் பிடரியைத் தொட்டது.

மூட்டை அலறினான். கட்டடம் முழுக்க அந்த அலறல் போய்த் திரும்பி வந்தது. மேலே கூரைக் குழாயிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது.

“தண்ணிடா,” என்றாள் தராசு.

“தண்ணிதான். தெரியும். தண்ணியதான் திட்டுனேன்.”

“அங்கயே நில்லுங்க!”

இது தண்ணீர் இல்லை. தொட்டிகளுக்கு அப்பால், கனத்த இரும்புக் கதவு ஒன்றின் முன்னால் ஒல்லியான ஆள் நின்றிருந்தான். கையில் ஐஸ் உடைக்கும் கூர் உளி. அது நடுங்கிக்கொண்டிருந்தது. கத்தி பிடித்தவன் நடுங்கினால் அது இன்னும் பயம் என்று மூட்டைக்குத் தெரியும். எங்கே குத்துவது என்று அவனுக்கே தெரியாது.

“பஞ்சு,” என்றாள் தராசு. “உளியக் கீழ வை. கட்டு பிரமாதம். ஆனா உன் கட்ட ஊருக்கே போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்காங்களே.”

பஞ்சு தன் கையைத் தானே பார்த்தான். “நான் வேற மாதிரிதான் கட்டணும்னு நெனச்சேன், மேடம். விரல் கேக்கல.”

“எப்படிக் கட்டுன? அவர் ஒரு தட்டுத் தட்டுனா நீ செவுத்துல ஒட்டியிருப்ப.”

“காலையில இங்க வரச் சொன்னேன். பயிற்சிக்கு முன்னால கட்டிவிடுறேன்னு சொன்னேன். நாற்காலியத் திருப்பிப் போட்டு உக்காந்து, ரெண்டு கையையும் முதுகுப் பலகை மேல நீட்டி, கண்ண மூடிக்குவார். எப்பவும் அப்படித்தான். என்கிட்ட கையக் குடுத்தா அவர் பாக்கவே மாட்டார். கண்ணத் தொறந்தப்ப ரெண்டு கையும் ஒண்ணா இருந்துச்சு, காலும் நாற்காலியோட கட்டியிருந்துச்சு.” பஞ்சு உளியைக் கீழே வைத்தான். “என்னைப் பாத்தார் பாருங்க, ஒரு பார்வ. அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல.”

“படமும் நீதான் எடுத்தியா?”

“இல்ல. பாப்பாதான் எடுத்துச்சு. அந்தக் கையே இருக்காதுன்ற வாசகமும் அது சொன்னதுதான். எனக்கு டைப் பண்றப்பவே வாந்தி வந்துச்சு.”

மூட்டை தராசைப் பார்த்தான். அவள் ஆச்சரியப்படவில்லை.

“கண்டுபிடிச்சிடுவேன்னு நான் சொன்னதும் மயங்கி விழப் பாத்தா. புருஷனத் தொலச்சவ அதுக்கா மயங்குவா?” என்றாள். “அந்த ஸ்வெட்டரும் அவளுக்கு இல்ல. அதுக்குள்ள அவள மாதிரி ரெண்டு பேர் நுழையலாம். கதவத் தொற.”

இரும்புக் கதவுக்குப் பின்னால் ஐஸ் கட்டிகள் மரத்தூள் மூடி அடுக்கியிருந்தன. நடுவில் நாற்காலியில், இரண்டு போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, சம்மட்டி. கால்கள் நாற்காலியோடு கட்டியிருந்தன. மேலிருந்த ஒற்றை விளக்கைப் பார்க்க முடியாமல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தான்.

“யாரா இருந்தாலும் அவுத்து விடு,” என்றான். சின்னக் குரல், ஆனால் மூட்டை ஒரு அடி பின்னால் போனான். “நேரம் ஆகுது. நான் வரலன்னா ஓடிட்டான்னு சொல்லுவாங்க. அந்த நெட்டையன் உக்காந்த எடத்துல சாம்பியன் ஆயிருவான். என் பொண்டாட்டியும் இவனும் சேர்ந்து என்னை ஏமாத்திட்டாங்க. என் மச்சானுக்குப் போன் போடு.”

“போட வேணாம்,” என்று பின்னால் ஒரு குரல். சம்மட்டியின் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் போய், பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தாள். கைகள் சேர்த்துக் கட்டியிருந்ததால் போட்டுவிட முடியவில்லை. தோளில் போர்த்திவிட்டாள்.

“தொடாத என்னை.”

“திட்டுங்க. இன்னும் கொஞ்ச நேரம். பொழுது சாயற வரைக்கும் திட்டுங்க.” அவள் தராசு பக்கம் திரும்பினாள். பற்கள் கிட்டித்துக்கொண்டன. “தலைக்குள்ள ரத்தம் கசியுது. பயிற்சியில வாங்குன அடி. நானே எங்க மெஷின்ல வெச்சுப் பாத்தேன். இன்னொரு அடி விழுந்தா எந்திரிக்க மாட்டார்னு எங்க டாக்டர் சொன்னார். இவர் நம்பல. அண்ணன் இவர வேற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி, ஒண்ணுமில்லன்னு சொல்ல வெச்சுட்டான்.”

“அவன் பெரிய டாக்டரு,” என்றான் சம்மட்டி. “நீ மெஷின் தள்ளுறவ. மச்சான் என்னைக் குவாரியிலேருந்து தூக்கிட்டு வந்தவரு. அவரு எனக்குக் கெடுதல் நெனப்பாரா?”

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லும் முன் பெரிய கதவு கிறீச்சிட்டது.

மேனேஜர் உள்ளே வந்தார். தங்கை கிளம்பியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். திறந்த கதவு வழியாக, அவருக்குப் பின்னால் வெயிலில், ஒரு சாம்பல் நிற வேன் வந்து நின்றது. என்ஜினை அணைக்கவில்லை.

மூட்டை தராசுக்குப் பின்னால் போய் நின்றான்.

“சபாஷ் தராசு! சொன்னபடி செஞ்சுட்டீங்க.” மேனேஜர் பஞ்சுவின் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார். “பாப்பா, உன்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன். மாப்ள, வா. கைய நீட்டு. இன்னும் நேரம் இருக்கு.”

சம்மட்டி கையை நீட்டினான். அவன் மனைவி அந்தக் கைகளின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள். மேனேஜர் அவளைத் தோளைப் பிடித்து விலக்கினார். கத்தரிக்கோலின் வாய் டேப்பின் அடியில் நுழைந்தது.

“மேனேஜர் சார், ஒரே ஒரு சந்தேகம்,” என்றாள் தராசு. சந்தையில் விலை கேட்கிற குரல். “அறுபது கெடச்சுதா?”

“கெடச்சுது.”

“கடைசியா மேடை ஏறுறது?”

“நம்மாளுதான்.”

“போஸ்டர்ல?”

“மொதப் பேரு நம்மாளு. வெந்நி வர்ற ரூமும் நம்மாளுக்கு. எல்லாம் அடிச்சுப் புடிச்சு வாங்கிட்டேன்.”

சம்மட்டியின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. “பாத்தியா?” என்றான் மனைவியிடம்.

“ரீமாட்ச்?” என்றாள் தராசு.

கத்தரிக்கோல் நின்றது.

மேனேஜர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லு மச்சான்,” என்றான் சம்மட்டி. “ரீமாட்ச் வாங்கிட்டேல்ல? போன தடவ அதுக்காகவே மேஜையக் கவுத்துட்டு வெளிய வந்தியே.”

“நீ தோக்கவே மாட்ட மாப்ள. அது எதுக்கு நமக்கு?”

“அவங்களே குடுக்கறேன்னாங்க,” என்றாள் தராசு. “இவர் வேணாம்னுட்டார். வெந்நிக்கு அவ்வளவு நேரம் சண்ட போட்டவரு. விலை போகாத சரக்குக்கு யாரும் பேரம் பேச மாட்டாங்க. தோத்த பிறகு மோத ஆளே இருக்காதுன்னு தெரிஞ்சவருக்கு ரீமாட்ச் எதுக்கு?”

“வாய மூடு!” மேனேஜர் கத்தினார். ஆனால் அவர் பார்த்தது தராசை இல்லை. வெளியே நின்ற வேனை.

சம்மட்டி நின்றுபோன கத்தரிக்கோலைப் பார்த்தான். தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. ஸ்கேன் படம் அவனுக்குப் புரிந்ததில்லை. கசிவு, கட்டி என்று டாக்டர்கள் சொன்ன எதுவும் புரிந்ததில்லை. இது புரிந்தது.

“குவாரியில வெடி வெப்போம் மச்சான்,” என்றான் மெல்ல. “திரிய பத்த வைக்கிறதுக்கு முன்னால, ஓடுற வழியப் பாத்து வெச்சுக்குவோம். எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் வெப்பான். பக்கத்துல நிக்கிறவனுக்கும் சேத்து வெப்பான். நீ எனக்கு வழியே வைக்கலியே.”

“மாப்ள...”

“ரொம்ப வலிக்குது,” என்றான் சம்மட்டி மனைவியிடம். குழந்தை மாதிரி. “ராத்திரியெல்லாம் வலிக்குது. சொன்னா போட்டி போயிருமேன்னு சொல்லல.”

அவள் அவன் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

மேனேஜரின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. தராசு எடுத்தாள். வழுக்கைத் தலைக்காரர்தான். அவள் போனைச் சம்மட்டியின் காதில் வைத்தாள்.

“நான் வரல,” என்றான் சம்மட்டி.

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டது. பட்டம் போய்விடும் என்றது.

“போகட்டும். அவனுக்கே கட்டி விடுங்க. அவன் இடுப்புக்கு நீளம் பத்தாது, பாத்துக்கங்க.” கண்களை மூடிக்கொண்டான். இமைக்கு அடியிலிருந்து ஒரு கோடு இறங்கியது. அதற்கு மேல் அழவில்லை.

மேனேஜர் அறைக்கு வெளியே வந்து ஒரு தகர அச்சின் மேல் உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்கோல் தரையில் விழுந்தது. அவர் முகம் ஐஸ் மாதிரியே வெளுத்திருந்தது.

“என்ன காரியம் பண்ணிட்டீங்க எல்லாரும்,” என்றார். “கோபுரம் ஜெயிப்பான்னு பந்தயம் கட்டியிருக்காங்க. பெரிய ஆளுங்க. என் மாப்ள பாதிப் போட்டிக்கு மேல நிக்க மாட்டான்னு நான் வாக்குக் குடுத்திருக்கேன். வாக்கக் காப்பாத்துறேனான்னு பாக்கத்தான் அவனுங்க என் பின்னாலயே சுத்துறானுங்க.”

“அப்ப அந்த வேன் உங்காளுங்க இல்லியா?” மூட்டையின் குரல் கிறீச்சிட்டது.

“எனக்குக் காவல்.”

வெளியே என்ஜின் அணைந்தது. அது ஓடும்போது இருந்ததைவிட அணைந்தபோது பயங்கரமாக இருந்தது. வேன் கதவு ஒன்று திறந்து சாத்தும் சத்தம். பிறகு இன்னொன்று.

மேனேஜர் எழுந்தார். இரும்புக் கதவைப் பார்த்தார். ஐஸ் அறையைப் பார்த்தார். பஞ்சுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தக் கதவ வெளியிலேருந்து பூட்ட முடியுமா?”

பஞ்சு சம்மட்டியைப் பார்த்தான். தராசு கீழே கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக் கால் கட்டை வெட்டினாள். பிறகு கைகளை. சம்மட்டி எழுந்து நின்றான். ஒரு பக்கம் தள்ளாடினான், மூட்டை தோள் கொடுத்து அறைக்கு வெளியே கூட்டி வந்தான். யாரும் மேனேஜரைத் தொடவில்லை. அவராகவே ஐஸ் அறைக்குள் போனார்.

“பாப்பா,” என்றார் உள்ளேயிருந்து.

அவள் அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். புருஷன் தோளிலிருந்த ஸ்வெட்டரை எடுத்து உள்ளே எறிந்தாள்.

“போட்டுக்கண்ணா. உள்ள குளிரும்.”

பஞ்சு தாழ்ப்பாளைத் தள்ளினான்.

இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண சட்டை, சாதாரண முகம். அதுதான் மூட்டையை இன்னும் பயமுறுத்தியது. ஒருவன் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டிருந்தான். தொட்டிகளைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், கடைசியில் சம்மட்டியின் கைகளைப் பார்த்தான். டேப் இன்னும் விரல்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

“போட்டி இல்லன்னு இப்பத்தான் போன் வந்துச்சு,” என்றான். “உங்க மச்சான் எங்க?”

மூட்டை வாயைத் திறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக, பயத்தில், அதிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

சம்மட்டி இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

“இங்க வரல,” என்றான். “வந்தா நானே சொல்லி அனுப்பறேன்.”

மேனேஜர் உள்ளே வந்ததைச் சிரித்த வாய்க்காரன் வேனிலிருந்தே பார்த்திருந்தான். ஆனால் அந்த முஷ்டிகளுக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ஐந்து பேரும் மூச்சு விடாமல் நின்றார்கள். அவன் திரும்பி நடந்தான். வேன் கிளம்பியது. சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

சம்மட்டி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். “ஆஸ்பத்திரிக்குப் போலாம்,” என்றான். அவன் மனைவி அவன் விரல்களிலிருந்து டேப்பை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினாள்.

“வண்டியத் திருப்பி வை,” என்றாள் தராசு. மூட்டை ஓடினான்.

இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. முதலில் மெல்ல. பிறகு வேகமாக. பஞ்சு தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டு பாப்பாவைப் பார்த்தான்.

அவள் தலை நிமிரவில்லை. கட்டை விரல் பக்கத்து டேப்பை வலிக்காமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஸ்வெட்டர் இருக்குல்ல,” என்றாள். “கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”